மறுப்பதற்குக் காரணம் எழுதவும்

1

வேலைக்குப் போகிற டிராமில் நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு வாழ்த்து வந்தது. ‘எங்களோடு பத்து ஆண்டுகள்! நன்றி, பழனிச்சாமி!’ என்று பலூன் படமெல்லாம் போட்டிருந்தது. அது ஆள் உட்கார்ந்து அனுப்பியதல்ல. ஒரு புரோகிராம் தேதி பார்த்துத் தானாக அனுப்புவது.

பழனிச்சாமி என் அப்பா பெயர். ஊரில் எனக்கு ஒற்றை எழுத்து இனிஷியலாக இருந்தவர், ஜெர்மனிக்கு வந்ததும் என் குடும்பப் பெயராகிவிட்டார். இங்குள்ள விண்ணப்பங்களில் இனிஷியலுக்குக் கட்டம் கிடையாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ‘ஃப்ராவ் பழனிச்சாமி’, அதாவது திருமதி பழனிச்சாமி, என்று கூப்பிடும்போது, அவர் இறந்து இத்தனை வருஷம் கழித்தும், ஒரு நொடி அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போகிறேன். சுகந்தி என்று கூப்பிட பிரேமன் நகரத்தில் என் கணவர் ஒருவர்தான். அவருக்கும் வாரத்தில் நான்கு நாள் வேலை வேறு ஊரில்.

சம்பளத்துக்கு நான் ஒரு கிடங்குக் கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறேன். வாழ்த்து வந்தது அதற்கல்ல. ஓப்பன் சோர்ஸ் என்று சொல்வார்களே, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று பொதுவில் வைத்த மென்பொருள். அப்படி ஒன்றில் சம்பளமில்லாமல் பத்து ஆண்டு வேலை செய்தேன். சின்னச் சின்ன அச்சு மெஷின்களில், பஸ் டிக்கெட் மெஷின், பில் மெஷின் மாதிரியானவற்றில், பல மொழி எழுத்துகளைச் சரியாக விழவைப்பது அதன் வேலை. அதில் தமிழ் என் பொறுப்பு. வேறு ஆள் இல்லை என்பதால் என் பொறுப்பு.

அந்தத் தமிழ் இனி அதில் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று எழுதி வைக்க வேண்டும்போல இருக்கிறது. பலூன் படம் வந்ததனால் இருக்கலாம்.

2

யாரும் திருத்தி அனுப்பலாம் என்றால் யாரும் கெடுத்தும் அனுப்பலாம். அதற்குத்தான் விதிகள். எங்கள் திட்டத்தில் ஒருவர் ஒரு மாற்றத்தை அனுப்பினால், ஒப்புதல் உரிமை உள்ளவர்களில் இரண்டு பேர் அதை வரிவரியாகப் படித்து ‘சரி’ சொல்ல வேண்டும். உரிமை உள்ளவர்களில் ஒருவர் மறுத்தாலும் அது அங்கேயே நிற்கும். மறுக்கிற பொத்தானை அழுத்தினால் ஒரு கட்டம் திறக்கும். அதற்கு மேலே ‘மறுப்பதற்குக் காரணம் எழுதவும்’ என்று இருக்கும். அந்த உரிமை எனக்கு இருந்தது. அலுவலகத்தில் என் சொல்லுக்கு யாரும் நிற்பதில்லை. இங்கே நின்றார்கள். அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

போன வருஷம் டோமாஸ் என்ற மாணவன் ஒரு மாற்றம் அனுப்பினான். அவன் வேறொரு ஐரோப்பிய நாட்டில் படிக்கிறவன். எங்கள் மென்பொருளில் எழுத்துகள் இரண்டு வழியாகப் போகும். மலையாளம், இந்தி போலக் கூட்டெழுத்துகள் நிறைந்தவை சிக்கலான வழியில் போகும். ஆங்கிலம் போன்றவை எளிய வழியில். தமிழில் கூட்டெழுத்து ஏறக்குறைய இல்லை என்று எங்கோ படித்தவன், அதை எளிய வழிக்கு மாற்றினால் மெஷினில் இடம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருந்தான். கணக்கு சரி. ஆனால் ‘பொ’ என்று எழுதும்போது கணினிக்குள் ‘ப’தான் முதலில் இருக்கும், அச்சடிக்கும் நேரத்தில் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். எளிய வழியில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து, நடுவில் ஒரு புள்ளி வட்டம் விழும்.

நான் மறுத்தேன். கட்டத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினேன். இது தவறு. தமிழ் உடையும். சோதிக்காமல் மறுபடி அனுப்பாதே.

எழுதும்போது என் மனசில் ஓடியது வேறு. இது தப்புங்க, தமிழ் ஒடஞ்சிருமுங்க, சோதிச்சுப் பாக்காம மறுக்கா அனுப்பாதீங்க என்றுதான் ஓடியது. கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் வடகரப்பதியில் பிறந்தவர்களுக்கு எவ்வளவு கறாராகப் பேசினாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘ங்க’ தானாக வந்து நிற்கும். சண்டை போடும்போதும் நிற்கும். ஆங்கிலத்தில் அதை எங்கே வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டோமாஸ் புகார் கொடுத்தான். ‘திரு. பழனிச்சாமி என்னை அவமானப்படுத்திவிட்டார். இது நான் உலகத்துக்கு அனுப்பிய முதல் மாற்றம். இரண்டு நாள் கணினியைத் திறக்கவே இல்லை’ என்று எழுதியிருந்தான். பொய் சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது.

3

நடத்தை விதிகளைப் பார்த்துக்கொள்ளும் குழு என்னைக் காணொளியில் கூப்பிட்டது. அதன் தலைவர் ஹெலன், கனடாக்காரர், நல்ல மனுஷி. என் பழைய விமர்சனங்களையெல்லாம் தேடி எடுத்து வைத்திருந்தார்கள். ‘தவறு.’ ‘இல்லை.’ ‘மறுபடி எழுது.’ வரிசையாகத் திரையில் வந்தபோது, யாரோ முன்கோபக்காரர் எழுதியது மாதிரித்தான் எனக்கும் பட்டது.

கூட்டத்துக்கு முன்னால் அவற்றை என் மகள் தாரணியிடம் காட்டியிருந்தேன். பதினேழு வயது. இங்கேயே வளர்ந்தவள்.

“அம்மா, நீ இப்படியா எழுதின? ரொம்பக் கெட்டியா இருக்கும்மா.”

அவள் சொல்ல வந்தது கடுமை. ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல். அதைத் தமிழில் தேடி ‘கெட்டி’யை எடுத்துவிட்டாள்.

“கெட்டின்னா நம்மூர்ல நல்ல வார்த்தைடி. கெட்டிக்காரின்னு சொல்லுவாங்க.”

“அது எனக்குத் தெரியாது. ஆனா இத நீ எனக்கு எழுதியிருந்தா நான் அழுதிருப்பேன்.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “நீ தமிழ்ல இப்படிக் கெட்டியா பேசறதில்லயே” என்றாள்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஜெர்மனில் என் பிழை நேர் எதிர்ப் பக்கம். அதில் மரியாதைக்குத் தனிச் சொல் இருப்பதால் விடாமல் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தையிடமும் ‘நீங்கள்’தான். அவர்கள் நாய்க்குட்டியிடம் ‘நீங்கள் நலமா’ என்று நான் கேட்டது அந்தக் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. இன்னும் படிக்கட்டில் பார்த்தால் சிரிக்கிறார்கள். அப்படிப்பட்டவளைத்தான் மரியாதை தெரியாதவர் என்று குழு விசாரித்தது.

இதையெல்லாம் ஹெலனிடம் சொல்ல முயன்றேன். எங்கள் பேச்சில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கும், ஆங்கிலத்தில் வால் அறுந்துபோகிறது என்றேன். ஐந்து பேரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். “நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்” என்றார் ஹெலன். “ஆனால் படிப்பவருக்குக் கிடைப்பது எழுத்து மட்டும்தானே?”

எனக்கு ஓராண்டு ‘ஓய்வு’ கொடுத்தார்கள். அந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். ஓய்வில் இருப்பவருக்கு ஒப்புதல் உரிமை கிடையாது. அவர் ஏற்கெனவே தெரிவித்த மறுப்புகளும் செல்லாது.

டோமாஸுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். தாரணிதான் வரிக்கு வரி ‘ஒருவேளை’, ‘முடியுமானால்’ என்றெல்லாம் சேர்த்துக் கொடுத்தாள். நான் ஆண் இல்லை என்பதையும் சொன்னேன். வெகுநாள் கழித்து ‘பரவாயில்லை, நன்றி’ என்று பதில் வந்தது.

4

இந்தச் சமயத்தில் ஊரிலிருந்து அண்ணன் பொன்னுச்சாமி பேசினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவார். தோட்டத்தில் தென்னை, நாலு மாடு, கோயமுத்தூர் போய் வர வாளையார் செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்ற கதை. நான் ஓய்வைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொன்னாலும், ஆத்திரத்தில் யாரையோ பேசிவிட்டேன் என்றுதான் அவருக்குப் புரியும்.

“ஏனம்மிணி, தாரணி எங்க? குடு போன. மாமங்கிட்டப் பேசி எத்தன நாளாச்சு.”

கொடுத்தேன். அவள் சந்தோஷமாகத்தான் வாங்கினாள்.

“மாமா! நீ எப்படி இருக்க? சாப்பிட்டியா? அத்தை என்ன பண்றா?”

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் அண்ணி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் சிரித்து, “சாப்ட்டனுங் கண்ணு” என்றார். என் மகள் ‘நீ’ என்றதற்கு அவர் ‘ங்’ போட்டுப் பதில் சொன்னார். போனை வைத்தபின் தாரணியிடம் விளக்கினேன். அவள் முகம் சிறுத்துவிட்டது.

“நான் பாசமாத்தானே கேட்டேன்?”

“பாசந்தான். ஆனா அவங்களுக்குக் காதுல விழறது வார்த்தைதானே.”

சொன்ன பிறகுதான், இதை எனக்கு ஹெலன் சொன்னார் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் தாரணிக்கு ஏதாவது வேலை வந்துவிட ஆரம்பித்தது. தப்பாகப் பேசுவதற்குப் பேசாமல் இருக்கலாம் என்று நினைத்திருப்பாள். நான் வற்புறுத்தவில்லை. நானும் அப்போது திட்டத்தின் பக்கம் எதுவும் எழுதாமல்தான் இருந்தேன்.

5

டோமாஸின் மாற்றம் என் மறுப்பு விலகியதும் தானாக மேலே வந்தது. இரண்டு பேர் படித்து ஒப்புதல் கொடுத்தார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது. சோதனைக்கு வைத்திருந்த தமிழ்ச் சொற்கள் சரியாகவே அச்சாயின. அவற்றில் கொம்பு உள்ள எழுத்தே இல்லை. விதிப்படி யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. கீழே பொது வாசகராக நான் ஒரு கருத்துப் போட்டேன், தாரணி திருத்திய ஆங்கிலத்தில். அதில் ‘ஒருவேளை’ அதிகமாகிவிட்டதோ என்னவோ, அது ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

சில மாதம் கழித்து அண்ணன் ஒரு படம் அனுப்பினார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டி. பால் ஊற்றினால் மெஷினில் சீட்டு வரும். ஊற்றுகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் என்பதால், மலையாளத்துக்குக் கீழே தமிழிலும் அடிக்கச் சொல்லி அண்ணனும் இன்னும் சிலரும் கேட்டு வாங்கியிருந்தார்கள். அந்த மெஷினுக்குள் இருப்பது எங்கள் மென்பொருள். முதல் தமிழ்ச் சீட்டு வந்த அன்று, ‘என்ற தங்கச்சி பண்ணுனதாக்கும்’ என்று அண்ணன் சொசைட்டியில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்பது எங்கள் வீட்டுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இப்போது வந்த படத்தில் மெஷினுக்குப் புது மென்பொருள் ஏறியிருந்தது. மலையாளம் முத்து முத்தாக இருந்தது. கீழே தமிழில், பொன்னுச்சாமியின் ‘பொ’ இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ‘ப’வும், அனாதையாக ஒரு கொம்பும், வட்டமும், காலும்.

“என்ற பேரப் பாரம்மிணி, ஒடஞ்சு கெடக்குது” என்றார். “சரி பண்ணிப்போடு.”

நான் எழுதி, நானே ‘சரி’ சொல்லி, மறுநாளே மெஷினில் ஏற்றிவிட முடியும் என்று அவர் நினைத்தார். திருத்தத்தை அன்றைக்கே எழுதி முடித்துவிட்டேன். ஆனால் அதற்கும் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். வாரங்கள் போயின. அவரவருக்கு அவரவர் வேலை. சம்பளமில்லாத வேலையில் யாரையும் அவசரப்படுத்துவதும் விதிப்படி கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் “ஆச்சா அம்மிணி?” என்பார். “ஆகுதுங்ணா” என்பேன்.

கடைசியில் பார்க்க வந்தது டோமாஸ். அதற்குள் அவனுக்கு ஒப்புதல் உரிமை கொடுத்திருந்தார்கள். நிறைய வேலை செய்கிற பையன், தகுதியானவன்தான். எப்படி இருந்தது, எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு படம் அனுப்பச் சொன்னான். அண்ணன் பெயரையே உடைந்ததும் சரியானதுமாக அனுப்பினேன். ‘மன்னியுங்கள், எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிகின்றன’ என்று எழுதினான். ‘ஆனால் நீங்கள் சொல்வதை நம்புகிறேன்.’ ஒப்புதல் கொடுத்தான். இரண்டாமவரும் அவனைப் பார்த்துக் கொடுத்தார். மெஷின் கம்பெனி அதை எடுத்துக்கொள்ள இன்னும் சில மாதம் பிடித்தது.

6

ஓய்வு முடிந்து என் உரிமை திரும்ப வந்தது. அந்த வாரமே திருத்தமும் சொசைட்டி மெஷினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்து, ஞாயிறுவரை பொறுக்காமல் நானே கூப்பிட்டேன்.

“அண்ணா, ஆயிருச்சுங்ணா. சீட்டு இனி நல்லா வருமுங்க.”

“அட, நாஞ் சொல்ல மறந்துட்டனா? தமிழ எடுத்துட்டாங்களே அம்மிணி.”

“எப்பங்ணா?”

“அது ஆச்சு, மழைக்கு முன்னாலயே. ஒடஞ்ச எழுத்து ஆருக்கும் படிக்கத் தெரீல. சும்மா காயிதம் நீளமாப் போகுதுன்னு செக்ரட்டரி சொன்னாரு. யோகத்துல தீர்மானம் போட்டு நிறுத்திட்டாங்க. மலையாளமே எல்லாத்துக்கும் பழகிருச்சு.”

மறுபடி கேட்டுப் பாருங்கள் என்றேன். அவருக்கு விருப்பமில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனாலும் எனக்காகக் கேட்டார். அடுத்த யோகத்தில் (அங்கே கூட்டத்துக்கு அதுதான் சொல்) எழுந்து, தமிழ் இப்போது சரியாகிவிட்டது, திரும்பப் போடலாம் என்றிருக்கிறார். வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் செக்ரட்டரி.

“நாந்தான் தூக்குனேன்” என்றார் அண்ணன். “நம்ம பையனும் ஒக்காந்திருந்தான். அவன் ஸ்கூலு மலையாளந்தானே, எனக்கெதுக்குப்பான்னு கேக்கறான். அவன என்ன சொல்றது? நீ மனசுல வெச்சுக்காத அம்மிணி.”

போன வாரம் டோமாஸ் ஒரு மாற்றம் அனுப்பியிருந்தான். சிறு மெஷின்களில் தமிழைத் தாங்கும் பகுதியை மொத்தமாக எடுத்துவிடலாம் என்று. போனிலும் கணினியிலும் தமிழ்நாட்டு டிக்கெட் மெஷின்களிலும் தமிழுக்கு ஒன்றும் ஆகாது, அங்கெல்லாம் வேறு மென்பொருள். இந்த மெஷின்களில் எங்கேயும் தமிழைத் தேர்ந்தெடுத்தவர்கள் இப்போது இல்லை என்று கம்பெனிகள் எழுதியிருந்தன. பயன்படுத்தாத பகுதியை வைத்துக் காப்பாற்றக் கூடாது என்பது எங்கள் விதி. ‘யாராவது, எங்காவது பயன்படுத்துவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு திரும்பப் பெறுவேன். குறிப்பாக, சுகந்தியின் கருத்துக்குக் காத்திருக்கிறேன்’ என்று முடித்திருந்தான். என் பெயரைச் சரியாக எழுதியிருந்தான்.

மறுக்கும் பொத்தானை அழுத்தினேன். கட்டம் திறந்தது. காரணம் எழுத வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் ஒரு யோகத்தில் ஒருவர் கை தூக்கினார் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமலே கட்டத்தை மூடினேன்.

பிறகு அவன் அனுப்பியதை முதல் வரியிலிருந்து படித்தேன். ஓரிடத்தில் தமிழை முழுசாக எடுக்காமல் பாதி விட்டிருந்தான். அப்படியே போனால், யாராவது தமிழைக் கேட்டால் மெஷின் மறுக்காது, உடைந்த எழுத்தை அடித்துக் கொடுக்கும். அதை எடுத்துச் சொன்னேன். சரி செய்தான். இப்போது கேட்டால், தமிழ் இதில் இல்லை என்று மெஷின் நேராகச் சொல்லிவிடும். உடைந்து கிடப்பதற்கு அது மேல்.

ஒப்புதல் குறிப்பை யாரிடமும் கேட்காமல் நானே எழுதினேன். கவனமான வேலைக்கு நன்றி, பொறுமைக்கு நன்றி, முடியுமானால் இந்தப் பகுதியை எழுதியவர்களின் பெயர்கள் பழைய பதிவில் இருக்கட்டும் என்று. அனுப்புவதற்கு முன் தாரணியிடம் காட்டினேன். அவள் அடுத்த மாதம் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். துணிகளை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்துப் படித்தாள்.

“இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா” என்றாள். “ரொம்ப அழகா எழுதியிருக்க.”

அழுத்தினேன். டோமாஸ் உடனே ஒரு இதயக் குறி போட்டான். கொஞ்ச நேரத்தில் ஹெலனும் ஒன்று போட்டார். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய விமர்சனத்துக்கு இதயம் விழுந்தது அதுதான் முதல் தடவை.